நுரையீரல் புற்றுநோயும் மருந்துச் சோதனைகளும்

மனிதரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மிகுதியான உயிர்களைக் கவர்வது நுரையீரல் புற்றுநோயாகும். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், அதே ஆண்டில் 18 லட்சம் பேர் இதனால் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் அவ்வாண்டில் புதிதாக இந்நோய்க்கு ஆளானோர் தொகை சுமார் 80 ஆயிரம். நோய் முற்றிப் பிற உறுப்புகளுக்கும் பரவிய பின்னரே பெரும்பாலோர் மருத்துவமனையை நாடுகின்றனர்.

ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளில் இந்நோயின் சிகிச்சை பெரிதும் மாறியிருக்கிறது. அம்மாறுதல் எவ்வாறு ஏற்பட்டது, ஒரு மருந்து பயனுடையது என்பதை விஞ்ஞானிகள் எம்முறையில் தீர்மானிக்கின்றனர் என்பவற்றைக் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம். “மருந்துச் சோதனையில் சேரும்படி ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்; சேரலாமா?” என்ற கேள்வியோடு நோயாளியின் குடும்பத்தார் வரும்போது, தக்க விடை கூற வேண்டிய பொறுப்பு பல சமயங்களில் இவர்களையே சேர்கிறது.

நோயின் வகைகள்

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோயன்று. பூதக்கண்ணாடியின் கீழ் உயிரணுக்கள் தோன்றும் தன்மையைக் கொண்டு இதனைச் சிற்றணு வகை, சிற்றணு அல்லாத வகை என இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துள்ளனர். 100 நோயாளிகளில் சுமார் 85 பேருக்கு உண்டாவது சிற்றணு அல்லாத வகையே. இதனுள்ளும் சுரப்பியணுப் புற்று, செதிளணுப் புற்று, பேரணுப் புற்று என உட்பிரிவுகள் உண்டு. நெடுங்காலமாக மருத்துவர்கள் அறிந்திருந்த பிரிவினை இவ்வளவே. இப்பிரிவினை போதாது என்பதைக் காட்டியது பின்னர் நடந்த ஆராய்ச்சி.

நோய்க்குத் தலையாய காரணம் புகையிலைப் புகை. சிகரெட் புகைப்பவர்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்பதை 1950-இல் பிரிட்டனில் டால், ஹில் என்னும் இருவரும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் என்னும் இருவரும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். பீடிக்கும் இது பொருந்தும். எனினும் நம் நாட்டு நோயாளிகளுள் கணிசமான பகுதியினர், குறிப்பாகப் பெண்கள், ஒருபோதும் புகை பிடித்தறியாதவர்கள். ஆகவே ‘புகை பிடிக்காதவருக்கு இந்நோய் வராது’ என்று எண்ணுதல் தவறு.

ஒப்பிட்டுப் பார்த்தலின் அவசியம்

மருந்து உண்ட ஒருவர் குணமடைந்தால், மருந்தினாலேயே குணமடைந்தார் என்று கொள்வது மனித இயல்பு. ஆனால் சில நோய்கள் தாமாகவே தணியும். சிலருக்கு நோய் மெதுவாக வளரும். மேலும், உடல் வலிவுள்ளவரையே தேர்ந்தெடுத்துப் புதிய மருந்தைக் கொடுத்தால், மருந்து பயனற்றதாயினும் பயனுள்ளதுபோலத் தோன்றும். இம்மயக்கத்தை நீக்கும் வழி ஒன்றே. நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்குப் புதிய சிகிச்சையையும் மற்றதற்கு வழக்கமான சிகிச்சையையும் அளித்து, முடிவுகளை ஒப்பிட வேண்டும். எவர் எக்குழுவில் சேர வேண்டும் என்பதை மருத்துவரும் தீர்மானிக்கலாகாது, நோயாளியும் தீர்மானிக்கலாகாது. சீட்டுக் குலுக்கி எடுப்பது போன்ற முறையிலேயே அது தீர்மானிக்கப்பட வேண்டும். அப்போதுதான் வயது, உடல்நிலை, நோயின் கடுமை ஆகியவை இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒத்திருக்கும்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948-இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இம்முறைக்கு முன்மாதிரியாகும். காசநோயாளிகள் 107 பேரில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களில் முதற் குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் பயன் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று.

இம்முறை இந்தியாவிலும் விரைவில் வேரூன்றியது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சையளிப்பதையும் வீட்டிலேயே வைத்து அளிப்பதையும் இதே குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை எவ்வகையிலும் குறைந்ததன்று என 1959-இல் அது வெளியிட்ட முடிவு, உலக நாடுகள் பலவற்றின் காசநோய்த் திட்டங்களையே மாற்றியமைத்தது. கேள்வி சரியாக வகுக்கப்பட்டு, ஒப்பீடு நேர்மையாகச் செய்யப்பட்டால், அதன் பயன் எளியவர்களையும் எட்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அறுவையும் ரசாயன மருந்தும்

புற்று கண்ட நுரையீரல் ஒன்றை முழுவதுமாக அகற்றி நோயாளியை வெற்றியுடன் பிழைக்கச் செய்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் இவார்ட்ஸ் கிரஹாம். ஆண்டு 1933. அவரிடம் அறுவை செய்துகொண்டவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புகையிலையின் தீமையை 1950-இல் எடுத்துக்காட்டிய இருவரில் ஒருவரான கிரஹாமோ, நெடுநாள் புகைத்து வந்தவர். 1957-இல் நுரையீரல் புற்றுநோயாலேயே மறைந்தார்.

நோய் ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போது இன்றும் அறுவையே சிறந்த சிகிச்சை. பரவிவிட்ட நோய்க்கு என்ன செய்வது என்பதே பெரும் பிரச்சினை. 1960-களின் நடுவில் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி, பிளாட்டினம் கலந்த ஒரு பொருள் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து உருவானதே சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து.

நுரையீரல் புற்றுநோயில் அது உதவுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்து வந்தது. 1995-இல் 52 சோதனைகளில் பங்கு கொண்ட 9,387 நோயாளிகளின் விவரங்களை ஒன்று சேர்த்து ஆராய்ந்தனர். முற்றிய நோய்க்குச் சிஸ்பிளாட்டின் கலந்த சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டின் முடிவில் உயிரோடிருந்தோர் தொகை 100க்கு 10 பேர் அதிகம். இதே ஆராய்ச்சியில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அறுவைக்குப் பின் நெடுநாள் கொடுக்கப்பட்டு வந்த பழைய மருந்து வகை ஒன்று, நன்மை செய்வதற்கு மாறாக மரண அபாயத்தை ஏறத்தாழ 15 சதவிகிதம் உயர்த்தியிருந்தது. நல்லெண்ணத்துடன் அளிக்கப்படும் சிகிச்சையும் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதையும், ஒப்பீடு இல்லையேல் அத்தீங்கு கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் இது உணர்த்துகிறது.

பின்னர்ப் பல புதிய மருந்துகள் வந்தன. அவற்றுள் நான்கு கூட்டுச் சிகிச்சைகளை 1,200 பேருக்கு மேற்பட்டவரிடம் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. நான்கினுள் எதுவும் மற்றதைவிட மேலானதாக இல்லை. நோயாளிகளில் சரிபாதிப் பேர் 7.9 மாதங்களுக்கு மேல் வாழவில்லை. ரசாயன மருந்துகளைக் கூட்டியும் மாற்றியும் மேலும் முன்னேற இயலாது என்ற நிலை அப்போது தோன்றியது.

தோல்வியுற்ற மருந்தின் வரலாறு

உயிரணுவின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம் உண்டு. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்தியை ஏற்று உள்ளே அனுப்புவது அதன் வேலை. ஏரி மதகினோடு இதனை ஒப்பிடலாம். பயிருக்குத் தேவையானபோது மதகு திறக்கும். தேவை தீர்ந்ததும் மூடும். சில புற்றுகளில் இப்புரதத்திற்குரிய ஜீனில் திரிபு ஏற்பட்டு, மதகு மூடாமலே நின்றுவிடுகிறது. வளர்ச்சிச் செய்தி ஓயாது பாய்கிறது. உயிரணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. இம்மதகை அடைப்பதற்கென உருவாக்கப்பட்ட மாத்திரையே ஜெஃபிடினிப்.

அம்மருந்தை முதலில் சோதித்தபோது இத்திரிபைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. 100 பேரில் சுமார் 10 பேருக்கு மட்டுமே கட்டி வியக்கத்தக்க வகையில் சுருங்கிற்று. அதனைக் கொண்டு 2003-இல் அமெரிக்காவில் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது. அடுத்து, 1,692 பேரிடம் மருந்தையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்ட சோதனை 2004-இன் இறுதியில் ஏமாற்றத்தையே தந்தது. ஒரு குழுவில் வாழ்நாளின் நடு அளவு 5.6 மாதம், மற்றதில் 5.1 மாதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணிதம் கூறியது. அமெரிக்க அரசு அம்மருந்தின் உபயோகத்தை 2005-இல் கட்டுப்படுத்தியது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனித்தல் வேண்டும். 100 பேரில் 10 பேருக்கு ஒரு மருந்து 10 மாத வாழ்நாளைக் கூட்டுகிறது, எஞ்சிய 90 பேருக்கு எதையும் கூட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரியைக் கணக்கிட்டால் ஆளுக்கு 1 மாதமே கிடைக்கும். 10 பேர் பெற்ற பெரும் பயன் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. அந்த 10 பேர் யார் என்று முன்கூட்டியே அறிய முடியுமானால், அம்மருந்து அவர்களுக்கு அருமருந்து. மற்றவர்களுக்கு வீண் செலவு.

அவர்கள் யார் என்பதற்கு விடை 2004-இலேயே பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களிடமிருந்து கிடைத்திருந்தது. ஜெஃபிடினிப்பினால் நலம் பெற்ற 9 பேரின் கட்டிகளை ஆராய்ந்ததில் 8 பேரிடம் இ.ஜி.எஃப்.ஆர். திரிபு காணப்பட்டது. பயன் பெறாத 7 பேரில் ஒருவரிடமும் அது இல்லை.

ஆனால் ஒரு சிலரிடம் கண்டதை உறுதி செய்யப் பெருஞ்சோதனை தேவை. கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. இவர்கள் புகை பிடிக்காதவர்கள், அல்லது சிறிதளவே பிடித்துப் பின் விட்டவர்கள். ஒரு குழு ஜெஃபிடினிப்பையும் மற்றது ரசாயன மருந்துகளையும் பெற்றது. திரிபு உள்ளவர்களில் மாத்திரையினால் கட்டி சுருங்கியோர் 71 சதவிகிதம். ரசாயன மருந்தினால் 47 சதவிகிதம். திரிபு இல்லாதவர்களிலோ நிலைமை தலைகீழ். மாத்திரையினால் பயன் பெற்றோர் 1 சதவிகிதமே. ரசாயன மருந்தினால் 23 சதவிகிதத்திற்கும் மேல். ஒரே மருந்து ஒரு சாராருக்குச் சிறந்த சிகிச்சையாகவும், மற்றொரு சாராருக்கு உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும் தீங்காகவும் இருந்தது. கட்டியின் திசுவைச் சோதியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பது அன்று முதல் நிலைபெற்றது.

இந்திய நோயாளிகளின் சுரப்பியணுப் புற்றுகளில் ஏறத்தாழ கால் பங்கில் இத்திரிபு காணப்படுகிறது. 2007-இல் ஜப்பானில் ஏ.எல்.கே. என்னும் மற்றொரு ஜீனின் பிறழ்ச்சி கண்டுபிடிக்கப்பட்டு, அதற்குரிய கிரிசோடினிப் என்ற மருந்து நான்கே ஆண்டுகளில், 2011-இல், அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனினும் இம்மாத்திரைகள் நோயை அடியோடு களைவதில்லை. பெரும்பாலோரிடம் ஓராண்டளவில் புற்று மேலும் திரிந்து, மருந்துக்கு அடங்காததாகிறது. அவ்வாறு திரிந்த புற்றையும் தாக்கவல்ல ஆஸிமெர்டினிப் பின்னர் உருவாக்கப்பட்டது. இதனைத் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களின் வாழ்நாள் நடு அளவு 38.6 மாதம் என்றும், முந்தைய மாத்திரைகளைப் பெற்றவர்களுக்கு 31.8 மாதம் என்றும் 2019-இல் அறிவிக்கப்பட்டது.

உடலின் காவற்படை

நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் புற்றணுக்களையும் அழிக்க வல்லவை. ஆனால் அவை வரம்பு மீறிச் சொந்த உடலையே தாக்காதிருக்கும் பொருட்டு, அவற்றிற்கு இயற்கை சில தடைகளை அமைத்துள்ளது. புற்றணுக்கள் தந்திரமாக இத்தடைகளைப் பயன்படுத்தித் தப்பிவிடுகின்றன. தடையை நீக்கினால் காவற்படை மீண்டும் தொழிற்படும் என்பதை நிறுவியமைக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

பி.டி.-எல்.1 என்னும் தடைப்புரதத்தை மிகுதியாகக் கொண்ட புற்றுடைய 305 நோயாளிகளிடம் பெம்ப்ரோலிஸுமாப் என்ற இவ்வகை மருந்து சோதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் இம்மருந்தைப் பெற்ற குழுவில் சுமார் 32 சதவிகிதம். ரசாயன மருந்துகளுடன் தொடங்கிய குழுவில் சுமார் 16 சதவிகிதம். பரவிய நோயில் ஐந்தாண்டு வாழ்வு என்பது முன்னர் அரிதினும் அரிது. எனினும் தடை நீங்கிய காவற்படை தைராய்டு, குடல், நுரையீரல் ஆகிய நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். மருந்தின் விலையும் மிக அதிகம்.

இந்திய ஆராய்ச்சியின் பங்கு

வெளிநாட்டில் கண்ட முடிவுகளை ஏற்பதோடு நம் கடமை முடிவதில்லை. நம் மக்களின் வசதிக்குட்பட்ட சிகிச்சையை மேம்படுத்துவது எவ்வாறு என்ற கேள்விக்கு இங்கேதான் விடை காண வேண்டும். 1941-இல் பம்பாயில் தொடங்கப்பெற்று 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருந்துவரும் டாட்டா நினைவு மருத்துவமனை அத்தகைய சோதனை ஒன்றை நடத்தியது. இ.ஜி.எஃப்.ஆர். திரிபுடைய 350 நோயாளிகளில் ஒரு பாதியினர் ஜெஃபிடினிப் மட்டும் பெற்றனர். மறு பாதியினர் அதனோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற ரசாயன மருந்துகளையும் பெற்றனர். நோய் மேலும் வளராமல் நின்ற காலத்தின் நடு அளவு முதற் குழுவில் 8 மாதம். கூட்டுச் சிகிச்சைக் குழுவில் 16 மாதம். ஆனால் கடுமையான பக்க விளைவுகள் முதற் குழுவில் 25 சதவிகிதத்தினருக்கும், கூட்டுச் சிகிச்சை பெற்றோரில் 51 சதவிகிதத்தினருக்கும் நேர்ந்தன. பயனையும் துன்பத்தையும் ஒருங்கே எடைபோட்டு முடிவு செய்யும் வாய்ப்பை இத்தகைய கணக்கே நோயாளிக்கு அளிக்கிறது.

இதே மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோய்களில் காவற்படை மருந்தான நிவோலுமாபை 20 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவில் சோதித்து, அதுவும் பயன் தருவதாக 2022-இல் அறிவித்தது. குறைந்த அளவு நுரையீரல் புற்றுநோய்க்கும் பொருந்தும் என்று இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். எனினும் இந்திய ஆராய்ச்சி செல்ல வேண்டிய திசையை இது காட்டுகிறது.

நோயாளியின் உரிமைகள்

மருந்துச் சோதனை பொதுவாகப் படிப்படியாக நடைபெறும். முதற்படியில் சிலரிடம் மருந்தின் தக்க அளவும், இரண்டாம் படியில் மேலும் பலரிடம் அதன் பயனும், மூன்றாம் படியில் நூற்றுக்கணக்கானவரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பீடும் ஆராயப்படுகின்றன. ஒப்பீட்டுக் குழுவில் சேர்ந்தவருக்குச் சிகிச்சையே கிடைக்காது என்ற அச்சம் மக்களிடையே உண்டு. உரிய சிகிச்சை ஒன்று இருக்கும்போது ஒப்பீட்டுக் குழுவினருக்கு அதனை மறுத்தல் முறையன்று. போலி மாத்திரை, வேறு பயனுள்ள சிகிச்சை இல்லாதபோதோ, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தோ மட்டுமே அளிக்கத்தக்கது.

சோதனைகளைப் பகிரங்கமாகப் பதிவு செய்யும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் 2007-இல் தொடங்கப்பட்டது. 2009 முதல் பதிவு கட்டாயமாயிற்று. 2019-இல் வெளியான புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகள் மேலும் பாதுகாப்பளிக்கின்றன. அறநெறிக் குழுவின் ஒப்புதலின்றிச் சோதனை நடத்தலாகாது. நோயாளிக்கு விளங்கும் மொழியில் யாவற்றையும் விளக்கிக் கையொப்பம் பெற வேண்டும். சோதனையினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும், விதிப்படி நஷ்டஈடும் உண்டு. நோயாளி எந்த நேரத்திலும் காரணம் கூறாமலே விலகலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படலாகாது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

சிறந்த மருந்தும் காலங்கடந்து வருபவருக்கு முழுப் பயன் அளிக்காது. நம் நாட்டில் இத்தாமதத்திற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இருமல், சளியில் இரத்தம், மெலிவு, மார்பு வலி ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொதுவானவை. எக்ஸ்ரே படத்தின் நிழலும் சில சமயம் ஒன்றுபோலவே தோன்றும். இதனால் புற்றுநோயாளிகள் சிலர் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் உண்டு காலத்தை இழக்கின்றனர்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ளவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது ஊழியர்களின் வழக்கமான கடமை. அதனோடு மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சளியில் கிருமி காணப்படாமலே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, சில வாரங்களாகியும் குணம் தெரியாதவரை மீண்டும் டாக்டரிடம் அனுப்பிப் புற்றுநோய் உண்டா என ஆராயச் செய்ய வேண்டும். குரல் கம்மல், விரல் நுனி பருத்தல், கழுத்தில் கட்டி ஆகியவை காணப்பட்டால் தாமதமே கூடாது. புற்று என்று உறுதியானால், திசுச் சோதனையோடு ஜீன் சோதனையும் செய்யப்பட்டதா என்று டாக்டரிடம் கேட்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லலாம். அவ்விடையைப் பொறுத்தே ஒருவருக்கு மாத்திரையா, ரசாயன மருந்தா, காவற்படை மருந்தா என்பது முடிவாகிறது.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, புகையிலையின் தீமையை மாணவர் மனத்தில் பதியச் செய்தல். 2016-17-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 100க்கு 28 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். இரண்டாவது, ‘இம்மருந்தால் இவர் பிழைத்தார்’ என்ற செய்தியைக் கேட்கும்போது ‘உண்ணாதவர்களின் கதி என்ன?’ என்று கேட்கப் பழக்குதல். புற்றுநோயைப் பூண்டோடு ஒழிப்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிக் கைப்பொருளையும் காலத்தையும் இழக்கும் குடும்பங்கள் பல. வகுப்பறையில் விகிதக் கணக்கு கற்றபோதே இக்கேள்வியையும் கற்ற பிள்ளை, தன் வீட்டில் நோய் வரும்போது அதனைக் கேட்கும்.